பூவரசம்பூவும் பொப்பிப்பூவும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பழைய படைவீரர் சங்கங்களின் பணிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். தலைப்பு அறிவித்தலிற் போடப்பட்ட மறுநாளே, இந்து வாலிபர் சங்க மேடையில் பட்டாளத்துக்காரருக்கு என்ன வேலை என்று இரண்டொருவர் கேட்டனர். கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை எங்கள் வேலிகளிலேயே பூத்து நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்று இங்கே வந்து நிற்கிறேன்.

முதலில் இச்சங்கங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய சிப்பாயின் வாழ்க்கை மிகச் சங்கடமானது. கட்டளைக்குப் பணிந்து நடக்கப் பழகியவனுக்குக் கந்தோர் வாசலிற் காத்துக்கிடக்கத் தெரியாது. ஓய்வூதியத்துக்கு எந்தப் பத்திரத்தை நிரப்புவது, காலிழந்தவனுக்கு என்ன தொழில் தேடுவது, இறந்துபோனவனுடைய மனைவிக்கு யார் கடிதம் எழுதிக் கொடுப்பது? இவற்றையெல்லாம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளும் பொருட்டு எழுந்தவையே பழைய படைவீரர் சங்கங்கள். ஆண்டுக்கொரு முறை நினைவுத் தூபியில் மலர்வளையம் வைப்பதை நாம் பத்திரிகையிற் காண்கிறோம். மற்றைய நாட்களில் நடக்கும் கடிதம் எழுதும் வேலையை ஒருவரும் படம் பிடிப்பதில்லை.

முதலாம் மகாயுத்தம் 1918 நவம்பர் 11 ஆம் திகதி ஓய்ந்தது. 1915 இல் மக்ரே என்ற கனடா நாட்டு இராணுவ வைத்தியர், போர்க்களத்துக் கல்லறைகளுக்கிடையே பூத்த செந்நிறப் பொப்பி மலர்களைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். யுத்தம் முடியுமுன்பே நிமோனியாக் காய்ச்சலில் அவரும் இறந்துபோனார். அக்கவிதையைப் படித்த மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை, இறந்தோர் நினைவாகப் பொப்பி அணியும் வழக்கத்தைத் தொடக்கினார். ஆனா கெரின் என்ற பிரெஞ்சு அம்மையார் யுத்தத்தால் நாசமான தம் நாட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டு துணியினாற் பொப்பி செய்வித்து விற்கும் வழியைக் கண்டார். பிரித்தானிய லீஜியன் என்னும் படைவீரர் சங்கம் 1921 இல் அமைந்தது. அவ்வருஷமே நவம்பர் 11 இல் அச்சங்கத்தார் விற்பனைக்கு வைத்த 90 லட்சம் பூக்களும் விற்றுத் தீர்ந்தன. சேர்ந்த பணம் 106,000 பவுணுக்கு மேல். அடுத்த வருஷம் லண்டனில் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். அங்கே பூச்செய்ய முதலில் அமர்ந்தவர்கள் யுத்தத்தில் ஊனமுற்ற 5 பேர். ஒரு கையுள்ளவனாலும் செய்யக்கூடியதாக அப்பூ அமைக்கப்பட்டது என்பர். பிச்சையாக ஒரு காசு கொடுப்பதிலும் பார்க்க, அவன் செய்த பூவை விலை கொடுத்து வாங்குவது எத்துணை மேலானது! இந்த ஒன்றுக்காக ஆங்கிலேயரை நான் மெச்சுகிறேன்.

பொப்பிக் கவிதையை மிஷன் பாடசாலையில் ஆங்கில வகுப்பிலேயே படித்தேன். ஆனால் அப்பூ இலங்கைக்கு வந்த பின்பு நடந்த கதையைப் பல்கலைக்கழகம் சென்று நூல்நிலையத்தில் தேடிப் படிக்கும் வரை நான் அறிந்திலேன். இங்கிருக்கும் இளைஞருள்ளும் அதை அறிந்தவர் சிலரே இருக்கக்கூடும்.

பிரித்தானியருடைய குடியேற்ற நாடாக இருந்தமையால் இலங்கையிலும் நவம்பர் 11 இற் பொப்பி விற்றார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்திற் பெரும்பகுதி கப்பலேறிப் பிரித்தானியாவுக்குப் போயிற்று. அதே யுத்தத்துக்குச் சென்று திரும்பிய இலங்கையரும் இருந்தனர். அவர்களுள் வறுமைப்பட்டவர்களும் இருந்தனர். உலகெங்கும் வியாபாரம் படுத்து, தேயிலையும் இறப்பரும் விலையிழந்து, நாட்டில் வேலையில்லாமை தலைவிரித்தாடிய காலம் அது. தாமே ஒரு பழைய படைவீரரான ஏலியன் பெரேரா என்பவர் 1931 இல் ஒரு கேள்வி கேட்டார். இந்நாட்டுப் பிள்ளை கொடுக்கும் சதம் இந்நாட்டு ஊனமுற்ற வீரனுக்கு ஏன் வந்து சேரக்கூடாது?

கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. பொப்பி விற்கும் அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். அதுதான் சூரிய மல்.

சிங்களவர் சூரிய மல் என்று சொல்வது எந்தப் பூ தெரியுமா? எங்கள் பூவரசம்பூவேதான்! காலையில் மஞ்சளாக விரிந்து, மாலையிற் செம்மை கலந்து வாடும் அப்பூ. எந்த வளவிலும் பூவரசங் கதியால் நாட்டித்தானே நாங்கள் வேலி அடைக்கிறோம்? அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை இக்குடாநாட்டில் உண்டா? அதன் குழையைத் தோட்டத்தில் தாழ்த்துப் பயிர் செய்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சீமையிலிருந்து துணிப்பூ வந்திறங்கிய நாட்டில், காசு கொடுத்து வாங்க வேண்டாத வேலிப்பூவை எதிரே நிறுத்திய ஏலியன் பெரேராவின் புத்தி நுட்பத்தை எண்ணி எண்ணி நான் வியக்கிறேன்.

இரண்டு வருஷத்தின் பின், 1933 இல், தென் கொழும்பு வாலிபர் சங்கத்தார் இவ்வியக்கத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். அவ்வருஷம் வெள்ளவத்தை நூல் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற வாலிபர்கள் இவர்கள். ஹொறணையில் வில்மட் பெரேராவின் இல்லத்தில் கூட்டம் கூடியது. டொறீன் யங் விக்கிரமசிங்க தலைவராகத் தெரிவானார். செயலாளர் இருவருள் ஒருவர் டெறன்ஸ் டி சில்வா, மற்றவர் றொபின் இரத்தினம். றோய் டி மெல் பொருளாளர். இப்பெயர்களைக் கவனியுங்கள். தலைவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்திலிருந்து பாடசாலை அதிபராக வந்து, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்தவர். இலங்கைப் பிள்ளைகளைக் கொண்டு பொப்பி வாங்குவித்து, அவர்களுடைய சொந்த நாட்டு வீரரைக் கைவிடுவது எவ்வளவு பொருத்தமற்றது என்று ‘மலர்களின் யுத்தம்’ என்ற தலைப்பில் அவர் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். அதனால் தம் சொந்த இனத்தாரின் ஏச்சுக்கு ஆளானார். நியாயத்தைப் பேசுகிறவர்களுக்கு முதல் அடி தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே விழும் என்பது யாழ்ப்பாணத்தவருக்குப் புதிய செய்தியல்ல.

அந்நாட்களில் எமது வாலிபரும் உறங்கிக் கிடக்கவில்லை. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் மிஷன் கல்லூரியிற் படித்தவர். பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். மிஷன் பாடசாலைப் படிப்பு ஒருவனைத் தன் மண்ணிலிருந்து பிரித்துவிடும் என்று சொல்பவர்கள் இங்கிருந்தால், இவ்வொருவருடைய வாழ்க்கையைத் தயவுசெய்து நினைத்துப் பார்க்கவும். பூரண சுயராச்சியம் தரவில்லையென்று 1931 ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி இக்காங்கிரஸ் கோரியது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அப்பகிஷ்காரம் நன்மை தந்ததா தீமை தந்ததா என்று பெரியோர் இன்றும் தர்க்கிக்கிறார்கள். அத்தர்க்கத்துள் நான் இறங்கவில்லை. தெற்கே பூ விற்ற வாலிபரும் வடக்கே பகிஷ்கரித்த வாலிபரும் ஒரே காலத்துப் பிள்ளைகள் என்பதை மாத்திரம் சொல்லிவைக்கிறேன்.

ஒவ்வொரு நவம்பரிலும் அவ்வாலிபர்கள் தெருத்தெருவாகப் பூ விற்றார்கள். வாங்கியவர் பெரும்பாலும் ஏழை எளியவர். ஆகவே சேர்ந்த தொகை பெரிதல்ல. ஆனாலும் அரசாங்கத்தாருக்கு அது பொறுக்கவில்லை. தெருக்களிற் பணம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். பொப்பிக்குத் திறந்திருந்த தெரு பூவரசம்பூவுக்கு ஒடுங்கிற்று.

சேர்ந்த பணத்தை என்ன செய்தார்கள்? அதைக் கொண்டு, தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த ஒரு பெண்பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். எங்கள் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்பதற்காக வாலிபர் காங்கிரஸார் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டவர்கள், அக்காலத்தில் இது எவ்வளவு துணிவான செலவு என்பதை அறிவார்கள்.

அடுத்து வந்த பெருஞ்சோதனை மலேரியா. 1934 இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். 1935 வரை நீடித்த அக்கொள்ளை நோய் பல பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. பூ விற்ற வாலிபர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குட் புகுந்தார்கள். காய்ச்சலோடு கூட ஜனங்களைக் கொன்றது பட்டினியே என்று கண்டு, மார்மைற்றை உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தார்கள். அங்கே பருப்புப் பங்கிட்ட கலாநிதி என். எம். பெரேராவை ஜனங்கள் ‘பருப்பு மாத்தையா’ என்றே அழைத்தார்கள். 1935 டிசம்பர் 18 இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தவர்கள் இவ்வாலிபர்களே. பூவரசம்பூ விற்பனை இரண்டாம் மகாயுத்தம் வரை நடந்து நின்றது.

இனி என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லுகிறேன். பெரியோர் பொறுத்தருள வேண்டும். 1933 இன் பின்பு இவ்வியக்கம் ஏகாதிபத்தியத்துக்கு எதிரான பெரிய முழக்கமாகியது. அது தேசத்துக்கு நல்லதே. ஆயினும் ஏலியன் பெரேரா எந்த மனிதனுக்காக அப்பூவைக் கையில் எடுத்தாரோ, அந்த ஊனமுற்ற பழைய சிப்பாய் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய்விட்டான். மலேரியா வரலாறு எழுதப்பட்டது. கட்சியின் வரலாறும் எழுதப்பட்டது. பூ விற்ற காசில் ஒரு மாத அரிசி வாங்கிய வீரன் யார், எந்தத் தெருவிற் குடியிருந்தான் என்று நான் படித்த நூல் எதிலும் ஒரு வரியைக்கூடக் காணவில்லை. முழக்கம் உரக்க உரக்க, யாருக்காக முழங்கினோமோ அவனுடைய குரல் கேளாமற் போகும் அபாயம் ஒன்று எப்போதும் உண்டு. ஆகையால் பின்வந்த பெருந்தலைவர்களிலும் பார்க்க, தகரப்பேணியைக் கையில் ஏந்தி நின்ற ஏலியன் பெரேராவே என் மனத்தில் உயர்ந்து நிற்கிறார்.

மாண்டவனுக்கு மரியாதை, அவன் வீட்டுக்குச் சோறு: இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நாம் சீமையாரிடம் கற்க வேண்டிய பாடமல்ல. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பெருமையும் பொறித்தார்கள் எம்முன்னோர். தொல்காப்பியம் அதன் முறைகளை வகுத்துச் சொல்கிறது. செங்கம் பகுதியிற் கிடைத்த நடுகற்களைத் தமிழ் நாட்டு அறிஞர்கள் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். கல்லோடு விட்டுவிடாமல், இறந்த வீரனுடைய குடும்பத்துக்கு நிலமும் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்குச் சாசனங்களில் வழங்கும் பெயர் உதிரப்பட்டி. இரத்தம் சிந்தியதற்குப் பதிலாக வந்த காணி என்பது பொருள். நட்ட கல்லை நாங்கள் புத்தகத்திற் படிக்கிறோம். கொடுத்த காணியை மறந்துவிட்டோம்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். இலங்கையின் பழைய படைவீரர் சங்கம் இன்றும் நவம்பரிற் பொப்பி விற்கிறது. முதற் பூவை நாட்டின் ஜனாதிபதிக்கு அணிவிப்பது வழக்கம். கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவிலுள்ள தூபியில் மலர்வளையம் வைக்கிறார்கள். முன்பு காலிமுகத் திடலில் நின்ற தூபி அது. இரண்டாம் மகாயுத்தத்தின்போது இடம் மாற்றப்பட்டது. 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம், அரசாங்கப் படைகளிலும் பொலிஸிலும் இருந்து ஊனமுற்றோருக்கும் மாண்டோர் குடும்பங்களுக்கும் உதவ ரணவிரு சேவா அதிகார சபை உண்டாக்கப்பட்டது. அவர்களும் ஏழைக் கிராமங்களின் பிள்ளைகளே. அவர்களுக்குக் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எங்கள் ஊரிற் காலிழந்தவர் எந்தக் கணக்கில் வருகிறார்? 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. இயக்கத்தில் இருந்தவர்களில் 12,000 பேர் வரையிற் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டதாக அரசாங்கம் சொல்லிற்று. அவர்களிற் பலருக்கு ஊரில் வேலை கொடுக்க ஆட்கள் அஞ்சினார்கள். விசாரணை வருமோ என்ற பயம். விருப்பத்தோடு போனவர் உண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் உண்டு. திரும்பி வந்தபோது ஊர் இருவரையும் ஒரே கண்ணாற் பார்த்தது. ஆயுதத்தைத் தொட்டும் பாராமல், ஷெல் விழுந்து கையிழந்த தாய்மார் அவர்களிலும் கூட. விறகு எடுக்கப் போய் மிதிவெடியில் அகப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2018 இல் இழப்பீட்டு அலுவலகம் ஒன்றைச் சட்டத்தால் அமைத்தார்கள். சட்டம் வந்தது என்பதற்கும் வீட்டு வாசலுக்கு உதவி வந்தது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இச்சபையிலுள்ள தாய்மார் என்னைக் காட்டிலும் நன்கு அறிவார்கள்.

நவம்பர் மாதம் எங்களுக்கும் பூ மாதமே. கார்த்திகைப் பூ பூக்கும். விளக்கீட்டுக்கு வாசலிற் பந்தம் கட்டுவோம். பிள்ளையை இழந்த தாய் அவனுக்கென்று ஒரு தீபத்தையும் ஏற்றுவாள். அத்தீபத்தைப் பற்றி வாதம் செய்ய இம்மேடைக்கு உரிமையில்லை. அது அந்தத் தாயினுடையது. அந்தத் தீபம் எரியும் வீட்டில் மறுநாட் காலை அடுப்பு எரிகிறதா என்று கேட்பதற்கு மாத்திரம் எங்களுக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

எங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நாங்கள் ஒரு சிறிய சங்கந்தான். ஆனாலும் இம்மண்ணில் தருமம் புதிதல்ல. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே பஞ்சம் வந்தபோது நாவலர் பெருமான் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைத்துச் சைவப் பாடசாலைக்குக் கொடுத்த வீடுகளின் வழி வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மிஷன் பாடசாலையில் எனக்குச் சொல்லித்தந்த வேதாகமக் கதையொன்றில், ஆலய உண்டியலில் இரண்டு சிறு காசு போட்ட ஏழை விதவையை இயேசுநாதர் புகழுகிறார். பிடியரிசி வைத்த எங்கள் ஆச்சிமாரையும் அவர் அப்படியே புகழ்ந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். எங்கள் சங்கத்தின் இளைஞர் இருவர் இருவராகச் சேர்ந்து, யுத்தத்தில் உறுப்பிழந்தோர் இருக்கும் வீடுகளுக்குப் போக வேண்டும். அவர் எந்தப் பக்கத்தில் நின்றார், எவருடைய குண்டு பட்டது என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். வீட்டாரின் சம்மதத்தோடு, தேவையை மாத்திரம் ஒரு கொப்பியிற் குறிக்க வேண்டும். பெயர்களை ஊருக்கு வாசித்துக் காட்டுவது கூடாது. கொப்பி தலைவரின் கையிலேயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர்க் கால் நிலையம் இயங்கி வருகிறது. செயற்கைக் காலைப் பொருத்தியதோடு காரியம் முடிவதில்லை. கால் தேயும், வார் அறும், வளரும் பிள்ளைக்கு அளவு போதாமற் போகும். அதற்குப் பஸ் ஏறிப் போய்வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஒருநாட் சம்பளமும் பஸ் காசும் பெரிய தொகை. கால் வாங்கிக் கொடுக்க எங்களிடம் பணமில்லை. பஸ் காசு கொடுக்கலாம், கூடப் போய் வரலாம். விண்ணப்பப் பத்திரம் நிரப்பத் தெரியாதவருக்கு, பல்கலைக்கழகத்திற் படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் எழுதிக் கொடுக்கலாம். அவற்றுட் பல சிங்களத்தில் வருகின்றன என்பது வேறு கவலை. சிங்களம் படித்த அங்கத்தவர் மூவர் எங்களிடையே இருக்கிறார்கள், அவர்களை நான் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்!

பணத்துக்கு ஓர் உண்டியல் வைக்கலாம். கோயில் வீதியில் வைப்பதா, சங்க மண்டபத்தில் வைப்பதா என்பதைப் பெரியோர் தீர்மானிக்கட்டும். பூ விற்கத்தான் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்டியலைத் திறக்கும்போது பெரியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் சேர்ந்தே திறக்க வேண்டும். எண்ணிய தொகையை அன்றே பலகையில் எழுத வேண்டும். ஏலியன் பெரேரா பொப்பிக்காரரிடம் கேட்ட அதே கேள்வியை, ‘என் காசு எங்கே போனது?’ என்று, இவ்வூரிற் சதம் போட்ட எந்தப் பிள்ளையும் எங்களிடம் கேட்கலாம். பதில் சொல்ல நாங்கள் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். மலர்க்குழுவினர் மனம் வைத்தால் அடுத்த ஆண்டு மலரில் ஒரு பக்கம் ஒதுக்கி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று அக்கணக்கைப் போடலாம். பெயர்கள் வேண்டாம். கூடப் போய் வர ஆயத்தமானவர்கள் கூட்டம் கலைந்த பின் என்னிடம் வந்து சொல்லுங்கள். வரும் ஞாயிறு காலை முதல் வீட்டுக்குப் போவோம்.